சிமுலேஷனில் அழுத்தம் 20,000 பார் காட்டுகிறது. செல்லின் கன அளவு தப்பா, ஓட்டமே தப்பா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கு உதவும். கேட்டவர் மதுரையில் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறார். செம்புக்கு 5×5×5 கூடுகள், மொத்தம் 500 அணுக்கள். அணுக்களின் அசைவைக் கணக்கிடும் லாம்ப்ஸ் நிரலில் ஈஏஎம் வகைப் பொடென்ஷியல் (உலோக அணுக்களுக்கு இடையே உள்ள ஆற்றலையும் விசையையும் தரும் சூத்திரம்), லாட்டிஸ் மாறிலி (ஒரு கூட்டின் பக்க நீளம்) 3.615 ஆங்ஸ்ட்ராம். கன அளவைப் பூட்டி 300 கெல்வினில் என்விடி (கன அளவும் வெப்பநிலையும் நிலையாக வைத்த ஓட்டம்) ஓட்டினால் அழுத்தம் 20,000 பார் அளவில் நிற்கிறது. 1 பார் கொடுத்து என்பிடி (அழுத்தமும் வெப்பநிலையும் கொடுத்து, கன அளவை மாறவிடும் ஓட்டம்) ஓட்டினால் சராசரி சுழியத்துக்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் லாக் ஃபைலில் வரிக்கு வரி −8,000க்கும் +8,000க்கும் நடுவே எண் குதிக்கிறது. எலக்ட்ரான் அளவில் கணக்கிடும் (டிஎஃப்டி) நிரலான குவாண்டம் எஸ்பிரெசோவில் விசி-ரிலாக்ஸ் (அணுக்களோடு பெட்டியின் அளவையும் தளர்த்தும் கணக்கு) முடித்த பிறகும் 3 கிலோபார் மிச்சம் நிற்கிறது. அவருடைய கைடு, "காற்றழுத்தத்தில் ஓட்டச் சொன்னால் பூமிக்கு அடியில் போய் ஓட்டியிருக்கியே" என்று கேட்டிருக்கிறார். அடுத்து செம்பின் மேற்பரப்பைச் செய்யப் போகிறாராம், அதற்கும் என்பிடி போடலாமா என்பது கடைசிக் கேள்வி.

கைடு சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. 20,000 பார் என்பது 2 ஜிகாபாஸ்கல்; பாறைக்கு அடியில் அறுபது எழுபது கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம். ஆனால் கேள்விக்கு உள்ளே இருக்கும் கேள்வி வேறு: இரண்டு எண்கள் கையில் இருக்கின்றன, ஒன்று அழுத்தம், இன்னொன்று கன அளவு, எதைப் பார்த்து ஓட்டம் சரியா என்று முடிவு செய்வது? திடப்பொருளில் முதலில் கன அளவைப் பாருங்கள் என்பேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். நான் பல வருடமாக உலோகங்களிலும் ஆக்சைடுகளிலும்தான் இந்த வேலை செய்கிறேன். புரதம், பாலிமர் செய்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டாம், அங்கே வழக்கங்கள் கொஞ்சம் வேறு.

சிமுலேஷனில் அழுத்தம் எங்கிருந்து வருகிறது? அணுக்கள் இருக்கும் பெட்டிக்கு, அதாவது செல்லுக்கு, சுவர் கிடையாது, மோதி அளக்க மானியும் கிடையாது. இரண்டு பங்குகளைக் கூட்டி எடுக்கிறார்கள். முதலாவது இயக்கப் பங்கு: அணுக்களின் எண்ணிக்கை, போல்ட்ஸ்மன் மாறிலி, வெப்பநிலை மூன்றையும் பெருக்கிக் கன அளவால் வகுப்பது, பள்ளியில் படித்த நல்லியல்பு வாயுச் சமன்பாடேதான். இரண்டாவது விரியல் பங்கு: ஒவ்வொரு ஜோடி அணுக்களுக்கும் இடையே உள்ள விசையை அவற்றின் இடைவெளியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கன அளவின் மூன்று மடங்கால் வகுப்பது. விலக்கினால் நேர், இழுத்தால் எதிர். இதன் வேர் கிளாசியஸ் 1870இல் சொன்ன விரியல் தேற்றம். ஒரு எச்சரிக்கை: சொந்தமாகக் கோட் எழுதுபவர்கள் அணுவின் ஆயத்தையும் அதன்மேல் உள்ள மொத்த விசையையும் பெருக்கிக் கூட்டினால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். பெட்டி எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப வருவதாகக் கொள்வதால், அதன் விளிம்பைத் தாண்டி அடுத்த பிம்பத்தோடு (பெட்டியின் நகலோடு) பிணைப்பு இருக்கும்போது அது தப்பான விடை தரும். ஜோடி இடைவெளியை வைத்துத்தான் கூட்ட வேண்டும். லாம்ப்ஸ் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது, உங்களுக்குக் கவலை இல்லை.

உங்கள் செம்புக்கே எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அணுவுக்கு 11.8 கன ஆங்ஸ்ட்ராம். 300 கெல்வினில் இயக்கப் பங்கு மட்டும் 3,500 பார் வந்துவிடும். அதாவது 1 பார் என்று சொல்லும்போதே, உள்ளே அணுக்கள் துள்ளுவதால் வரும் 3,500 பாரை, பிணைப்புகளின் இழுப்பு ஏறக்குறைய முழுதாகத் தின்றுவிட வேண்டும். இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம்தான் திரையில் தெரியும் அழுத்தம். பெரிய எண்களில் கொஞ்சம் அசைந்தாலும் வித்தியாசம் தாறுமாறாக ஆடும்.

இன்னொரு விதமாகச் சொன்னால், அழுத்தம் என்பது கன அளவை மாற்றும்போது ஆற்றல் மாறும் சரிவு, குறியை மாற்றிப் போட்டது. கன அளவு மாறும்போது அந்தச் சரிவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பருமக் குணகம் சொல்லும். செம்புக்கு அது 140 ஜிகாபாஸ்கல் அளவில். கன அளவில் 1 சதவீதம் பிசகினால் அழுத்தத்தில் 1.4 ஜிகாபாஸ்கல், அதாவது 14,000 பார். லாட்டிஸ் மாறிலியில் 1 சதவீதம் என்றால் கன அளவில் 3 சதவீதம், அழுத்தத்தில் 42,000 பார். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 1 பார் செம்பின் கன அளவை எவ்வளவு மாற்றும்? கோடியில் ஏழு பங்கு. கொடைக்கானலில் காற்றழுத்தம் மதுரையைவிட 0.2 பார் போலக் குறைவு. வெண்கலக்கடைத் தெருவில் ஒரு செம்புக் குடம் வாங்கி மலைக்கு எடுத்துப்போனால், அந்த உலோகம் விரிவது கோடியில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. ஆகவே திடப்பொருள் சிமுலேஷனில் 1 பார் என்று எழுதுவதும் 0 என்று எழுதுவதும் ஒன்றுதான். அழுத்தம் பெரிய எண்ணாக வந்தால் பயப்படும் முன் பருமக் குணகத்தால் வகுங்கள், கன அளவில் எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும்.

இப்போது அந்த 20,000 பார். இன்புட் ஃபைலைப் பார்க்காமலே இதில் எனக்குச் சந்தேகம் அநேகமாக இல்லை. நிறைய ஈஏஎம் பொடென்ஷியல்களில், பரவலாகப் பயன்படும் மிஷின் குழுவின் 2001 செம்புப் பொடென்ஷியல் உள்பட, 3.615 என்பது 0 கெல்வின் மதிப்பாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. சோதனையில் 3.615 என்பது அறை வெப்பநிலை மதிப்பு. பொடென்ஷியல் செய்தவர்கள் தெரிந்தேதான் அப்படிச் செய்கிறார்கள், அதில் குற்றம் இல்லை. ஆனால் அதன் விளைவு உங்கள் தலையில் விழுகிறது. 300 கெல்வினுக்குச் சூடாக்கியதும் அந்தச் செம்பு விரியப் பார்க்கிறது, நீங்கள் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். நீட்சிக் குணகம் கெல்வினுக்கு 16.5 மைக்ரோ என்று வைத்தால், 300 கெல்வினுக்கு நீளத்தில் அரை சதவீதம், கன அளவில் ஒன்றரை சதவீதம். அதை 140 ஜிகாபாஸ்கலால் பெருக்கினால் 2.1 ஜிகாபாஸ்கல், அதாவது 21,000 பார். உங்கள் எண் வந்துவிட்டது. இதற்குப் பெயர் வெப்ப அழுத்தம். கிரூனைசன் எண்ணை (அதிர்வு ஆற்றல் எவ்வளவு அழுத்தமாக மாறும் என்று சொல்லும் எண்) செம்புக்கு 2 என்று எடுத்து, அதிர்வு ஆற்றலைக் கன அளவால் வகுத்து அதோடு பெருக்கினாலும் இதே 2.1தான் கிடைக்கும், இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வருவது நல்ல சரிபார்ப்பு. ஓட்டத்தில் தப்பு ஒன்றும் இல்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறது: 300 கெல்வின் செம்பை 0 கெல்வின் அளவுக்குள் வைத்திருக்க இவ்வளவு அழுத்தம் தேவை. உங்கள் கைடு கேட்டது வேறு கேள்வி.

என்பிடிக்கு வருவோம், இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அழுத்தத்தை இலக்கில் வைக்கப் பெட்டியின் அளவை மாற்றும் பகுதிக்குப் பெயர் பாரோஸ்டாட். "பாரோஸ்டாட் போட்டால் அழுத்தம் அடங்கும் என்று நினைத்தேன், என்விடியில் சில நூறு பார் ஆடியது இப்போது பல ஆயிரம் ஆடுகிறதே" என்று எழுதியிருந்தீர்கள். கவனித்துப் பார்த்திருக்கிறீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். பூட்டிய பெட்டியில் படிகத்தின் அழுத்தம் ஆடுவதற்குக் காரணம் அதிர்வுகளின் சீரிசையற்ற பகுதி (விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதமாக இல்லாத பகுதி) மட்டும்தான். 500 அணுக்களுக்கு அது சில நூறு பார் அளவில்தான் வரும். பெட்டியைத் திறந்துவிட்டால் பெட்டியே மூச்சு விட ஆரம்பிக்கிறது. அந்த மூச்சின் அளவு நாம் தீர்மானிப்பது இல்லை, வெப்ப இயக்கவியல் தீர்மானிப்பது: கன அளவின் பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) என்பது போல்ட்ஸ்மன் மாறிலி, வெப்பநிலை, கன அளவு மூன்றின் பெருக்கத்தைப் பருமக் குணகத்தால் வகுத்தது. உங்கள் பெட்டி 5,900 கன ஆங்ஸ்ட்ராம். போட்டுப் பார்த்தால் திட்ட விலக்கம் 13 கன ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.22 சதவீதம். அந்த 0.22 சதவீதத்தை 140 ஜிகாபாஸ்கலால் பெருக்குங்கள்: 3,100 பார். திட்ட விலக்கமே 3,100 என்றால் நீளமான ஓட்டத்தில் 8,000 வரை எட்டிப் பார்ப்பது சாதாரணம். இதில் கன அளவுக்கான சூத்திரம் கச்சிதமானது. அழுத்தத்துக்கு நான் சொன்ன பெருக்கல் தோராயம், ஆனால் அளவு புரிய அது போதும்.

நீங்கள் கொடுத்த 1 பார் என்பது சராசரிக்கான இலக்கு. ஒவ்வொரு நொடிக்கும் அந்த எண் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மாட்டுத்தாவணியில் மல்லிகை விலை காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று இருக்கும், மாதச் சராசரி என்று ஒன்றும் இருக்கும். லாக் ஃபைலின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு அழுத்தம் இதுதான் என்பது மதிய விலையை மாத விலை என்பது மாதிரி. சராசரியிலும் எவ்வளவு கறாராக இருக்கலாம்? 3,100 பார் விலக்கம், ஒன்றையொன்று சாராத 500 மாதிரிகள் என்றால், சராசரியின் பிழை 140 பார் அளவில் இருக்கும். உங்களுக்குச் சராசரி −90 பார் என்று வந்தால் அது 1 பாரிலிருந்து வேறுபட்டதாகக் கொள்ள முடியாது. அந்த 140 பாரைக் கன அளவாக்கினால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, லாட்டிஸ் மாறிலியில் 0.0001 ஆங்ஸ்ட்ராம். அந்தத் துல்லியத்துக்கு மேல் உங்கள் பொடென்ஷியலுக்கே யோக்கியதை கிடையாது. திரவம் செய்பவர்களுக்கும் இதே கதைதான்: 216 நீர் மூலக்கூறுகள் கொண்ட பெட்டியில் அழுத்தம் 500, 600 பார் ஆடுவது வழக்கமான விஷயம் என்று குரோமாக்ஸ் என்ற நிரலின் கையேட்டிலேயே இருக்கிறது.

பெட்டியைப் பெரிதாக்கினால் ஆட்டம் குறையும். 10×10×10 எடுத்தால் 4,000 அணுக்கள், எட்டு மடங்கு. ஆட்டம் எட்டின் வர்க்கமூலத்தால் வகுபடும், 3,100 என்பது 1,100 ஆகும். கிராஃப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எட்டு மடங்கு கணினி நேரமும் போகும். அதே நேரத்தைச் சின்னப் பெட்டியை எட்டு மடங்கு நீளமாக ஓட்டச் செலவழித்தாலும் சராசரியின் பிழை கிட்டத்தட்ட அதே அளவுக்குத்தான் குறையும். டிபார்ட்மென்ட் ஓரத்தில் ஒரே ஒரு மேசைக் கணினியை நான்கு பேர் பங்கு போடும் நிலையில் இருப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்: சராசரிக் கன அளவு மட்டும் வேண்டுமானால் பெரிய பெட்டிக்கு ஏங்க வேண்டியதில்லை. குறைபாடுகள், உருகுதல், மேற்பரப்பு என்று போனால் அது வேறு கதை.

பாரோஸ்டாட் தேர்வில் ஒரு வார்த்தை. 1980இல் ஆண்டர்சன் பெட்டியின் கன அளவையே ஒரு பிஸ்டன் போல, அதற்கும் ஒரு நிறை கொடுத்து, இயக்கச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் பாரினெல்லோவும் ரஹ்மானும் பெட்டியின் வடிவமும் மாறும்படி அதை விரித்தார்கள். இந்த ரஹ்மான் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். 1964இல் 864 ஆர்கான் அணுக்களை வைத்துத் திரவத்தை முதன்முதலில் மெய்யான விசைகளோடு ஓட்டிக் காட்டியவர். நம் மாணவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள், பெயர் தெரிவதில்லை. சரி. 1984இல் வந்த பெரெண்ட்சன் முறை அழுத்தத்தை இலக்கை நோக்கி மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். கோடு சீராக வரும், பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் கன அளவின் ஆட்டத்தை அது அமுக்கிவிடுகிறது. சராசரி சரியாக வரும். ஆட்டத்திலிருந்து பருமக் குணகம் எடுக்கப் போனால் தப்பான, பெரிய மதிப்பு கிடைக்கும். தொடக்கத்தில் பெட்டியைச் சமநிலைக்குக் கொண்டுவர அதைப் பயன்படுத்தலாம், அளவெடுக்கும் ஓட்டத்துக்கு வேண்டாம். கைடுக்கு அழகான கிராஃப் காட்ட வேண்டும் என்பதற்காகப் பெரெண்ட்சனுக்கு மாறாதீர்கள்.

லாம்ப்ஸில் நோஸ்–ஹூவர் வகை என்பிடி போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்குக் கால அளவு 0.1 பைகோசெகண்ட், பாரோஸ்டாட்டுக்கு 1 பைகோசெகண்ட், கால அடி 1 ஃபெம்டோசெகண்ட் என்பது உலோகத்துக்கு நல்ல தொடக்கம். பாரோஸ்டாட்டின் காலத்தை 0.05 என்று இறுக்கினால் பெட்டி மணி அடிப்பதுபோல் அதிரும், சில நேரம் ஓட்டமே வெடித்துவிடும். 20 என்று தளர்த்தினால் சமநிலைக்கு வரவே பல நூறு பைகோசெகண்ட் ஆகும். 3.615இல் ஆரம்பித்தால் முதல் சில பைகோசெகண்ட்களில் கன அளவு மேலும் கீழும் பெரிதாக ஊசலாடும். அது பிஸ்டன் அடங்கும் நேரம், அந்தப் பகுதியைச் சராசரியில் சேர்க்கக் கூடாது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் யுபிஎஸ் கைவிட்டு ஓட்டம் நடுவில் நின்றால், அணுக்களின் ஆயங்களை மட்டும் வைத்துக்கொண்டு தொடர்ந்தால் பாரோஸ்டாட் மறுபடி சுழியத்திலிருந்து கிளம்பும், கன அளவில் ஒரு சின்ன உதறல் தெரியும். ரீஸ்டார்ட் ஃபைலில் பாரோஸ்டாட்டின் நிலையும் சேர்ந்து எழுதப்படுகிறது. அதிலிருந்து, இன்புட்டில் என்பிடி கட்டளைக்குக் கொடுத்த அதே ஃபிக்ஸ் பெயரோடு தொடருங்கள்.

அழுத்தம் சுழியம் என்பதும் தகைவு (ஒவ்வொரு திசையிலும் ஒரு பரப்பில் விழும் விசை) இல்லை என்பதும் ஒன்று இல்லை. திரையில் தெரியும் அழுத்தம் மூன்று திசைகளின் சராசரி. இரண்டு திசையில் +2, மூன்றாவதில் −4 ஜிகாபாஸ்கல் இருந்தாலும் சராசரி சுழியம் என்றே காட்டும். கனசதுரச் செம்பில் இது அநேகமாக வராது; அறுகோணப் பொருளிலோ, டெட்ராகோனல் ஆக்சைடிலோ மூன்று பக்கத்தையும் ஒன்றாகக் கட்டி ஓட்டினால் வரும். தகைவின் ஆறு கூறுகளையும் தனித்தனியே அச்சிட்டுப் பாருங்கள். குறியையும் பாருங்கள்: லாம்ப்ஸில் மொத்த அழுத்தம் அமுக்கினால் நேர், ஆனால் அணுவாரியான தகைவுக் கணக்கீட்டில் குறி மாறும், அதோடு அது கன அளவால் வகுக்கப்படாமல் வரும். எதிர் அழுத்தம் வந்தாலும் பிழை என்று பதற வேண்டாம். பொருள் இழுபடுகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். வெயில் நேரத்தில் உயரமான மரத்தின் சாற்றுக் குழாய்களில் இருக்கும் தண்ணீர்கூட எதிர் அழுத்தத்தில்தான் இருக்கிறது. வாயுவால் அது முடியாது. திடப்பொருளும் திரவமும் தாங்கும்.

அலகுகளிலும் கவனம் தேவை. லாம்ப்ஸில் மெட்டல் அலகு என்றால் பார், ரியல் அலகு என்றால் அட்மாஸ்ஃபியர். குவாண்டம் எஸ்பிரெசோவும் அதே வகை நிரலான வாஸ்ப்பும் கிலோபாரில் எழுதும். 1 ஜிகாபாஸ்கல் என்பது 10 கிலோபார், 10,000 பார். ஒரு கன ஆங்ஸ்ட்ராமுக்கு ஓர் எலக்ட்ரான் வோல்ட் என்பது 160.2 ஜிகாபாஸ்கல். இந்த இரண்டையும் மேசையில் ஒட்டிவைத்துக்கொண்டால் போதும்.

விசி-ரிலாக்ஸ் முடிந்தும் 3 கிலோபார் மிச்சம் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தள அலைகள், அதாவது எலக்ட்ரான்களை விவரிக்கக் கூட்டப்படும் அலைகள். கணக்கு ஆரம்பிக்கும்போது இருந்த பெட்டிக்கு, கொடுத்த கட்-ஆஃபுக்குள் (அலைகளின் ஆற்றலுக்கு வைக்கும் உச்ச வரம்பு) எத்தனை தள அலைகள் அடங்குமோ அத்தனையும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பெட்டி மாறிக்கொண்டே போகும்போது அந்தப் பட்டியல் மாறுவதில்லை, ஆனால் அலைகள் நீள்கின்றன, உண்மையான கட்-ஆஃப் நழுவுகிறது. இதிலிருந்து வரும் போலித் தகைவுக்குப் புலாய் தகைவு என்று பெயர். கடைசியில் எஸ்பிரெசோ புதிய பெட்டிக்குப் புதுப் பட்டியல் போட்டு ஒருமுறை கணக்கிடுகிறது, அப்போது எண் மாறித் தெரிகிறது. கட்-ஆஃபைத் தாராளமாக ஏற்றி, வந்த பெட்டியிலிருந்து மறுபடி ஒருமுறை விசி-ரிலாக்ஸ் ஓட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வாஸ்ப் பயன்படுத்துபவர்கள் கன அளவை மாற்றும் ஓட்டங்களுக்குக் கட்-ஆஃபை 30 சதவீதம் ஏற்றுவது இதற்காகத்தான். ஆற்றல் ஒருங்கிவிட்டது என்பதால் தகைவும் ஒருங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். தகைவுக்குக் கட்-ஆஃப் எப்போதும் அதிகம் வேண்டும். செம்பு உலோகம் என்பதால் கே-புள்ளிகளும் (எலக்ட்ரான் அலைகளை மாதிரி எடுக்கும் புள்ளிகள்) அடர்த்தியாக வேண்டும்.

ஆனால் 3 கிலோபாருக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? வகுத்துப் பாருங்கள்: 0.3 ஜிகாபாஸ்கலை 140ஆல் வகுத்தால் கன அளவில் 0.2 சதவீதம், லாட்டிஸ் மாறிலியில் 0.0026 ஆங்ஸ்ட்ராம். பிபிஇ ஃபங்ஷனலே (ஃபங்ஷனல் என்பது எலக்ட்ரான்களின் பரஸ்பர ஆற்றலுக்கான தோராயச் சூத்திரம்) செம்புக்கு 3.63, 3.64 என்று சோதனையைவிடக் கூட்டித்தான் சொல்கிறது, எல்டிஏ என்ற இன்னொன்று 3.52 என்று குறைத்துச் சொல்லும். முறையின் சொந்தப் பிழை 0.02 ஆங்ஸ்ட்ராம் இருக்கும்போது 0.0026ஐத் துரத்துவது எதற்கு என்று யோசிக்கலாம். மீள்தன்மைக் குணகங்களோ ஃபோனான்களோ (படிகத்தின் அதிர்வுகள்) எடுக்கப் போகிறீர்கள் என்றால் துரத்துங்கள், அங்கே மிச்சத் தகைவு தொல்லை கொடுக்கும். இதே காரணத்தால், சோதனை மதிப்பான 3.615ஐ அப்படியே பிபிஇக்குள் போட்டால் 20 கிலோபார் போல அழுத்தம் காட்டும். லாம்ப்ஸில் வந்த 20,000 பாரும் இதுவும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல், காரணம் வேறு வேறு. அங்கே வெப்பம், இங்கே ஃபங்ஷனல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ஆய்வேட்டில் எழுதிவிட வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் நான் நம்பும் சரிபார்ப்பு ஒன்றுதான். அணுக்களை அசையாமல் வைத்து, கன அளவை −5 சதவீதத்திலிருந்து +5 சதவீதம் வரை ஏழெட்டு இடங்களில் மாற்றி, ஒவ்வொன்றிலும் ஆற்றலை எடுங்கள். கன அளவையும் ஆற்றலையும் இணைக்கும் பிர்ச்–மர்னகன் சமன்பாட்டைப் பொருத்துங்கள். அதன் சரிவிலிருந்து கிடைக்கும் அழுத்தமும், நிரல் தானாக அச்சிடும் அழுத்தமும் பொருந்த வேண்டும். டிஎஃப்டியில் பொருந்தாவிட்டால் முதலில் கட்-ஆஃபைச் சந்தேகப்படுங்கள். ஈஏஎம்மில் பொருந்தாவிட்டால் பொடென்ஷியல் ஃபைலையோ அலகையோ பாருங்கள். இப்போது பரவலாகிவரும் இயந்திரக் கற்றல் பொடென்ஷியல்களில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. நிரல் ஒழுங்காக இருந்து இரண்டும் பொருந்தினாலும் அந்த வளைவையே டிஎஃப்டி வளைவோடு ஒப்பிடுங்கள். ஆற்றலும் விசையும் மட்டும் காட்டிப் பயிற்சி கொடுத்து, தகைவு காட்டாமல் விட்ட பொடென்ஷியலில் விசைகள் அருமையாக இருக்கும், வளைவின் அடிப்பகுதி மட்டும் வேறெங்கோ இருக்கும்.

இவற்றில் எது உறுதி, எது இல்லை என்றும் சொல்லிவிட வேண்டும். வெப்ப அழுத்தமும் கன அளவின் ஆட்டமும் உறுதியான இயற்பியல், யார் ஓட்டினாலும் வரும். புலாய் தகைவு என்பது நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்து என் ஊகம். கட்-ஆஃப் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, கே-புள்ளிக் குறையாகவும் இருக்கலாம். விசி-ரிலாக்ஸ் நிற்கும் வரம்பே 0.5 கிலோபார் என்பதால் அதற்குக் கீழே உள்ள எண்ணைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். செம்பின் டிபை வெப்பநிலை (இதற்கு வெகு கீழே போனால் அதிர்வுகளில் குவாண்டம் விளைவு பெரிதாகும்) 343 கெல்வின் அளவில். ஆகவே 300 கெல்வினில் அணுக்களைச் செவ்வியல் முறையில் ஓட்டுவது ஏற்றுக்கொள்ளத்தக்கது, ஆனால் 50 கெல்வினுக்கு இறங்கினால் கன அளவை நம்பாதீர்கள், அங்கே சுழியப்புள்ளி அதிர்வையும் (0 கெல்வினிலும் அடங்காத குவாண்டம் அதிர்வு) சேர்க்க வேண்டும். வைரம், லித்தியம் ஹைட்ரைடு மாதிரி லேசான அணுக்களுக்கு அறை வெப்பநிலையிலேயே அது வேண்டும்.

கைடுக்குக் கொடுக்க வேண்டிய ஓட்டம் இதுதான்: 300 கெல்வின், 0 அல்லது 1 பார், என்பிடி. தொடக்கத்தில் ஊசலாடும் பகுதியை விட்டுவிட்டு மீதிக் கன அளவைச் சராசரி எடுங்கள், ஏறக்குறைய 3.63 ஆங்ஸ்ட்ராம் வர வேண்டும். அந்த அளவில் பெட்டியைப் பூட்டி என்விடி ஓட்டுங்கள். அழுத்தம் சுழியத்தைச் சுற்றிச் சில நூறு பாரில் நிற்கும். ஆய்வேட்டில் அழுத்தத்தின் சராசரியை மட்டும் எழுதாமல் பிழை வரம்போடு எழுதி, பக்கத்தில் கன அளவையும் போடுங்கள்.

மேற்பரப்புக்கு என்பிடியை அப்படியே போடாதீர்கள். வெற்றிடம் இருக்கும் திசையில் பெட்டியை எதிர்த்துத் தள்ள ஒன்றுமே இல்லை; பாரோஸ்டாட் அந்தப் பக்கத்தை இஷ்டத்துக்கு நகர்த்தும், வெற்றிடம் சுருங்கி மேல் முகமும் கீழ் முகமும் பிம்பத்தின் வழியாக ஒட்டிக்கொள்ளவும் செய்யும். திரையில் வரும் அழுத்தத்துக்கும் அங்கே நேரடி அர்த்தம் கிடையாது: 40 ஆங்ஸ்ட்ராம் உயரப் பெட்டியில் 20 ஆங்ஸ்ட்ராம்தான் செம்பு என்றால் தகைவு பாதியாகக் காட்டும், ஏனென்றால் நிரல் வெற்றிடத்தையும் சேர்த்த கன அளவால்தான் வகுக்கிறது. அணுவாரித் தகைவைக் கூட்டி உலோகத்தின் கன அளவால் வகுத்தால் ஓரளவுக்குச் சரியாகும், ஆனால் மேற்பரப்பு அணுவின் கன அளவு எங்கே முடிகிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. இடத்தை அருகிலுள்ள அணுவுக்குப் பங்கிடும் வொரொனோய் முறை ஒன்று சொல்லும், வேறு முறை வேறொன்று சொல்லும். தள அளவுக்கு 3.615ஐப் போடாமல், மேலே சொன்ன என்பிடியில் 300 கெல்வினுக்குக் கிடைத்த லாட்டிஸ் மாறிலியைப் போட்டு, மூன்று திசையும் பூட்டி என்விடியில் ஓட்டுங்கள். அப்படிச் செய்தும் தளத் திசையில் கொஞ்சம் தகைவு மிச்சம் இருக்கும். அது செம்பின் மேற்பரப்புத் தகைவு, அதை அப்படியே விட்டுவிடுங்கள். தகடு தடிக்கத் தடிக்கக் குறைகிறதா என்று மட்டும் இரண்டு தடிமனில் ஓட்டிப் பாருங்கள். குறையவில்லை என்றால் கட்-ஆஃப் விவரத்தோடு இன்புட் ஃபைலையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.